பூனைக்கு எட்டாத ஊஞ்சல், இரண்டு கட்டம்

மருத்துவமனையில் காத்திருப்போரின் கைகளில் கைப்பேசிக்கு அடுத்தபடியாக நாங்கள் காண்பது, நான்காக மடித்த செய்தித்தாளில் பாதி நிரம்பிய குறுக்கெழுத்துப் புதிர். இரத்தப் பரிசோதனையின் முடிவு வரும்வரை சிலர் அதனை நிரப்புகின்றனர். டயாலிசிஸ் சிகிச்சைக்குரிய நான்கு மணி நேரத்தை அதனுடன் கழிப்போரும் உளர். அவர்கள் விட்டுச்செல்லும் தாள்களைப் புரட்டிப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகும். விடைகளாக அமைந்த சொற்களில் பல, அவற்றை எழுதியவரின் வீட்டிலேயே இன்று இல்லாத பொருள்களின் பெயர்கள். உறி, முறம், உரல், குதிர், அணா, தந்தி. கடையில் கேட்டால் கிடைக்காதவை கட்டத்தில் கேட்டால் கிடைக்கின்றன.

எளிமையும் பழமையும் குறித்த இத்தகைய குறிப்புகளையும் விடைகளையும் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது. வீட்டில் முதியவர் ஒருவர் நினைவு தளர்ந்தோ, பக்கவாதத்தால் பேச்சுக் குன்றியோ, நெடுநாள் படுக்கையிலோ இருக்கும்போது, அவரிடம் என்ன பேசுவது என்று குடும்பத்தார் திகைத்து நிற்கும் நேரங்கள் உண்டு. அந்நேரங்களில் இரண்டு கட்டமுள்ள ஒரு சிறு குறிப்பு என்ன செய்யக்கூடும், என்ன செய்ய இயலாது என்பதை எடுத்துரைப்பது எங்கள் நோக்கம்.

குதிரும் உறியும் உரியும்

முதலில் ஒரு குறிப்பு: "அப்பன் உள்ளே இல்லையாம் (3)". அடைப்புக்குள் உள்ள எண் கட்டங்களின் எண்ணிக்கை. விடை, குதிர். கேளாமலேயே தன்னைக் காட்டிக்கொடுப்பவரைச் சுட்ட, "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்னும் பழமொழியை இன்றைய இளைஞரும் வழங்குகின்றனர். கடன் கேட்டு வந்தவரிடம் ஒரு பிள்ளை அவ்வாறு சொன்னதாகக் கதை. ஆயினும், குதிர் எப்படி இருக்கும் என்று அந்த இளைஞரைக் கேட்டுப் பாருங்கள். மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆள் உயரத்துக்கும் மேலாக எழுப்பிய நெற்களஞ்சியம் அது. மேலே கொட்டிய நெல்லைக் கீழேயுள்ள துளை வழியாக எடுப்பர். பழமொழி தங்கிவிட்டது, பொருள் போய்விட்டது. அப்பொருளைக் கண்ணால் கண்டவர் வீட்டில் ஒருவரே இருப்பார். பெரும்பாலும் அவர்தாம் இப்போது எங்கள் வார்டில் படுத்திருப்பவர்.

மற்றொன்று: "பூனைக்கு எட்டாத அடுக்களை ஊஞ்சல் (2)". இது உறி. கூரையிலிருந்து கயிற்றில் தொங்கி, பாலையும் தயிரையும் வெண்ணெயையும் காத்த எளிய அமைப்பு. மின்சாரம் வேண்டியதில்லை, பழுது என்றால் கயிறு அறுவது ஒன்றே. இதனோடு ஒலியால் நெருங்கிய இன்னொரு சொல்லும் இரண்டே கட்டம் கொண்டது: "உழக்கு இரண்டு கூடினால் (2)". விடை, உரி. வல்லின றகரமா, இடையின ரகரமா என்பதில் பொருளே மாறிவிடும். பழைய முகத்தலளவையில் ஆழாக்கு இரண்டு சேர்ந்தால் ஓர் உழக்கு. உழக்கு இரண்டு ஓர் உரி. உரி இரண்டு ஒரு நாழி. நாழி எட்டு ஒரு குறுணி, அதாவது ஒரு மரக்கால். 1956ஆம் ஆண்டின் எடையளவைச் சட்டம் மெட்ரிக் அளவைக்கு வழிசெய்தபின் இவ்வரிசை பள்ளிப் புத்தகத்திலிருந்து மறைந்தது. ஆனால் ஆழாக்கால் அரிசி அளந்து உலை வைத்தவரின் கையிலிருந்து அது மறையவில்லை. எத்தனை பேருக்கு எத்தனை ஆழாக்கு என்று கேட்டால் எண்பது வயதிலும் தயங்காமல் சொல்வார்.

"ரூபாய்க்குப் பதினாறு (2)" என்றால் அணா. ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு தம்படி. ஆகவே ஒரு ரூபாய்க்கு 192 தம்படி. 1957 ஏப்ரல் 1ஆம் நாள் ரூபாய் நூறு நயா பைசாவாகப் பகுக்கப்பட்டது. அன்று பத்து வயதுச் சிறுவராய் மிட்டாய் வாங்க நின்றவருக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது. கால் ரூபாயை நாலணா என்றும் அரை ரூபாயை எட்டணா என்றும் சொல்லும் வழக்கு மட்டும் நெடுநாள் நின்றது. அந்த இருபத்தைந்து காசு நாணயமும் 2011 ஜூன் மாத இறுதியில் செல்லாததாயிற்று.

"வீணையில் இன்றும் உண்டு, அஞ்சலகத்தில் 2013இல் நின்றது (3)" என்பதன் விடை தந்தி. இக்குறிப்பை முதியவரிடம் படிக்கும்போது சற்று நிதானம் தேவை. தந்தி வந்தது என்றாலே பிரித்துப் படிக்குமுன் வீட்டில் அழுகுரல் எழுந்த காலம் ஒன்று இருந்தது. பழைய சொல் எல்லாமே இனிய நினைவைக் கொண்டுவரும் என்று எண்ணிவிடலாகாது.

எளிமையும் ஏழ்மையும்

"ஆடம்பரத்துக்கு எதிர் (3)" என்று ஒரு குறிப்பு வந்தால் எளிமை என்று எழுதுவோம். மூத்தவர்களுள் சிலர் முதலில் ஏழ்மை என்று எழுதுவதைக் கண்டிருக்கிறோம். இரண்டும் மூன்று கட்டமே. இரண்டும் 'மை' என்றே முடியும். குறுக்கே வரும் சொல் ஒத்துவராதபோதுதான் அழித்து எழுத நேரும். அவர்களது குழப்பத்தில் நியாயம் இருக்கிறது. அவர்கள் இளமையில் இவ்விரண்டும் ஒரே வீட்டில் குடியிருந்தன. ஒரே வேட்டியைத் துவைத்து உலர்த்தி உடுத்தியது எளிமையா, இல்லாமையா என்பதை அவரே சொல்ல வேண்டும். எளிமை தேர்ந்துகொள்வது, ஏழ்மை வந்து சேர்வது. பழைய வாழ்க்கையை மிகையாகப் புகழ்வோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

மருத்துவமனையின் ஏடு என்ற முறையில் இதற்கு நாங்கள் காட்டும் சான்று, "அடுப்புக்கு மூச்சுக் கொடுப்பது (5)" என்னும் குறிப்பு. விடை ஊதுகுழல். அடுப்புக்கு மூச்சுக் கொடுத்தவர்கள் பலர் தம் மூச்சை இழந்தனர். புகைபிடித்தே அறியாத மூதாட்டியர் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுடன் எங்கள் வெளிநோயாளர் பகுதிக்கு வருவதற்கு, பல்லாண்டுகள் விறகடுப்பின் முன் அமர்ந்திருந்தது ஒரு முக்கியமான காரணம். அம்மூதாட்டியிடம் இக்குறிப்பைக் கேட்டால் விடையோடு இருமலும் வரலாம்.

எளிய உணவைப் பற்றிய குறிப்புகளுக்கு எங்கள் வாசகரிடையே நல்ல வரவேற்பு உண்டு. "வயிற்றுக்கும் போகும், வேட்டிக்கும் போகும் (3)" என்றால் கஞ்சி. "பெயரிலேயே வயதைச் சொல்லும் காலை உணவு (4)" என்றால் பழையது. இவ்விரண்டையும் கட்டத்தில் தயங்காமல் எழுதலாம். நீரிழிவு நோயரும் சிறுநீரக நோயரும் தட்டில் வைப்பதற்குமுன் உணவியல் வல்லுநரைக் கேட்டுக்கொள்க.

புதிருக்கும் வயதாயிற்று

பழம்பொருள்களைக் காக்கும் இப்புதிரே இப்போது பழம்பொருளாகி வருகிறது. லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்பவர் ஆக்கிய முதற்புதிர், நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் 1913 டிசம்பர் 21ஆம் நாள் வெளியாயிற்று. அது சாய்சதுர வடிவில் இருந்தது; கறுப்புக் கட்டங்கள் இல்லை. 1924இல் சைமன் அண்டு ஷூஸ்டர் நிறுவனம் தன் முதல் நூலாகக் குறுக்கெழுத்துத் தொகுப்பை வெளியிட்டபோது அமெரிக்காவில் பெரும் மோகம் கிளம்பியது. நேரத்தை வீணாக்கும் பழக்கம் என்று அவ்வாண்டில் பழித்த நியூயார்க் டைம்ஸ், உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1942 பிப்ரவரியில் தானே ஒரு புதிரை வெளியிடத் தொடங்கியது. கவலை மிகுந்த காலத்தில் மனத்தை ஊன்ற ஓரிடம் வேண்டும் என்பதை அந்நாளிதழ் அறிந்துகொண்டது போலும். மருத்துவமனையில் காத்திருப்போருக்கு அதனை விளக்க வேண்டியதில்லை.

தமிழருக்கு இவ்விளையாட்டின் உறவினர்கள் முன்பே அறிமுகமானவர்கள். விடுகதையைத் தொல்காப்பியர் 'பிசி' என்று பெயரிட்டு இலக்கிய வகைகளுள் ஒன்றாக வைத்தார். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் மாறாத மாலைமாற்றில் திருஞானசம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். எழுத்துகளைக் கட்டங்களில் அமைத்துப் பல திசைகளில் படிக்கச் செய்யும் சுழிகுளம் போன்ற சித்திரகவிகளுக்குத் தண்டியலங்காரம் இலக்கணம் கூறுகிறது. அவையெல்லாம் புலவர்க்குரியவை. குறுக்கெழுத்து, பேனா வைத்திருக்கும் எவர்க்கும் உரியது.

ஆங்கிலப் புதிருக்கும் தமிழ்ப் புதிருக்கும் உள்ள ஒரு வேறுபாட்டை மட்டும் இங்கே குறிக்க வேண்டும். பின்னர் மருத்துவச் செய்திக்கு அது தேவைப்படும். ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துக்குள் இருபத்தாறு எழுத்துகளுள் ஒன்று வரும். தமிழில் உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என 247 எழுத்துகளுள் ஒன்று வரும். முறம் என்னும் சொல் மு, ற, ம் என மூன்று கட்டம். 'மு' என்பதில் மெய்யும் உயிரும் பிணைந்தே உள்ளன. ஆகவே இரு சொற்கள் ஒரே கட்டத்தில் சந்திப்பது தமிழில் கடினம். நம் வார இதழ்ப் புதிர்களில் வலமிருந்து இடமாகவும் கீழிருந்து மேலாகவும் விடைகள் ஓடுவதும், 'குழம்பியுள்ளது', 'திரும்பியுள்ளது' என்று குறிப்புகள் வருவதும் இந்நெருக்கடியால் என்றே கருதுகிறோம். ஆனால் சந்திப்பு அமைந்துவிட்டால் கிடைக்கும் உதவி பெரிது. விசிறி என்று இடமிருந்து வலமாக எழுதியாயிற்று. அதன் 'றி' மேலிருந்து கீழ் ஓடும் இரண்டு கட்டச் சொல்லின் இரண்டாம் எழுத்து. பூனைக்கு எட்டாத ஊஞ்சல் உரியா உறியா என்னும் ஐயம் அங்கேயே தீர்ந்துவிடும்.

காலைச் சிற்றுண்டி மறந்தது, உறி மறக்கவில்லை

நினைவு தளர்ந்தவரின் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "காலையில் என்ன சாப்பிட்டேன் என்று அப்பாவுக்குத் தெரியவில்லை, அறுபது ஆண்டுக்கு முந்தைய செய்தியை மட்டும் அணுவணுவாகச் சொல்கிறாரே, எப்படி?" சிலர் இதனை நடிப்பு என்றே ஐயுறுகின்றனர். அது நடிப்பன்று. பிரெஞ்சு உளவியலறிஞர் தியோடுல் ரிபோ 1881இல் எழுதிய நூலிலேயே, நினைவு அழியும்போது புதியவை முதலிலும் பழையவை பின்னரும் அழிகின்றன என்று குறிப்பிட்டார். அல்ஸைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்கும் பகுதிகளுள் ஒன்று, மூளையின் உட்பகுதியிலுள்ள ஹிப்போகேம்பஸ். புதிய அனுபவங்களைப் பதிந்துவைப்பதில் அதற்கு முதன்மையான பங்கு உண்டு. அது தளர்ந்தால் இன்றைய இட்டிலி பதிவதே இல்லை. பதியாததை எப்படி நினைவுகூர்வது? பல்லாண்டுக்கு முன் பதிந்து, ஆயிரம் முறை கையாண்டு உறுதிப்பட்ட உறியும் உலக்கையும் நோய் முற்றும்வரை பெரும்பாலும் எஞ்சி நிற்கின்றன.

இதை அறியாமல் நாம் என்ன செய்கிறோம்? "இன்று என்ன கிழமை? நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம். காலையில் யார் வந்தார்?" மருத்துவர் இவ்வினாக்களைக் கேட்பது நோயை அளப்பதற்கு, அதுவும் ஒரு முறை. உறவினர் ஒவ்வொருவரும் கட்டிலருகே வந்து நின்று அவற்றையே கேட்டால், அவருக்கு ஒரு நாளில் பத்துத் தேர்வு, பத்துத் தோல்வி. தோற்றவர் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். குடும்பத்தார் அதையும் நோயின் கணக்கில் எழுதிவிடுகின்றனர்.

பழம்பொருள் குறிப்பு இந்நிலையைத் திருப்பி வைக்கிறது. இங்கே விடை அறியாதவர் கேட்பவர், அறிந்தவர் படுத்திருப்பவர். எங்கள் வார்டில் செவியில் விழும் உரையாடல் இவ்வகையினது:

"பாட்டி, மூன்று கட்டம். புலியையும் விரட்டியதாம், உமியையும் விரட்டும்."

"முறந்தான். அதுகூடத் தெரியாதா உனக்கு?"

"அதில் அரிசியைச் சலிப்பார்கள், அதுதானே?"

"சலிக்கிறது சல்லடை. முறத்தில் புடைக்கிறது வேறு, கொழிக்கிறது வேறு, தெள்ளுகிறது வேறு. கையைக் காட்டு."

அந்தக் கடைசிச் சொற்றொடருக்காகத்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். நேற்றுவரை கையைக் காட்டச் சொன்னவர்கள் நாங்கள், ஊசி போடுவதற்காக.

ஆய்வுகள் சொல்வது

குறுக்கெழுத்து நிரப்பினால் மறதி நோய் வராது என்று சொல்வார் உளர். அவ்வாறு உறுதி கூற எங்களால் இயலாது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் முதியோரை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2011இல் வெளியான கட்டுரை, பின்னாளில் மறதி நோய் கண்டவர்களுள் குறுக்கெழுத்துப் பழக்கம் உடையவர்க்கு நினைவு விரைந்து சரியத் தொடங்குவது ஏறத்தாழ இரண்டரை ஆண்டு தள்ளிப்போனதாகக் கண்டது. தள்ளிப்போனது என்பதைக் கவனிக்க. தவிர்ந்தது என்று அன்று. மேலும், புதிரால் மூளை வலுத்ததா, வலுவான மூளையுடையோர் புதிரை நாடினரா என்பதை இத்தகைய ஆய்வால் பிரித்தறிய முடியாது.

கொலம்பியா, டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு சற்று உறுதியானது. லேசான அறிவாற்றல் குறைபாடு உடைய 107 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குக் கணினி விளையாட்டுப் பயிற்சியும் மற்றவர்க்குக் கணினிவழிக் குறுக்கெழுத்தும் அளித்து 78 வாரம் கவனித்தனர். பழைய முறையான குறுக்கெழுத்தே முந்தியது. அதனை எதிர்பார்த்தவர் குறைவு. எனினும், எதுவுமே செய்யாத மூன்றாம் பிரிவு ஒன்று அவ்வாய்வில் இல்லை. பயன்பட்டவையும் ஆங்கிலப் புதிர்கள். தமிழ்ப் புதிருக்கு அதே பலன் என்று இதைக்கொண்டு கூறிவிட முடியாது.

உள்நோயாளிகளுக்கு நேரடியாகப் பொருந்துவது மற்றோர் ஆய்வு. முதியோர் மருத்துவமனையில் சேர்ந்த சில நாளில் திடீரென இடம், காலம் தடுமாறி, இல்லாதவரோடு பேசுவதும் குழாய்களைப் பிடுங்குவதும் உண்டு. இது உளக்குழப்ப நிலை எனப்படும். மறதி நோயினின்று வேறானது. அமெரிக்காவின் யேல் நியூ ஹேவன் மருத்துவமனையில் 70 வயதும் அதற்கு மேலுமான 852 நோயாளிகளைக் கொண்டு நடந்து, 1999இல் வெளியான ஆய்வில், வழக்கமான கவனிப்புப் பெற்றோருள் 15 விழுக்காட்டினருக்கு இந்நிலை ஏற்பட்டது. தனித் திட்டத்தின்படி கவனிக்கப்பட்டோருள் 9.9 விழுக்காட்டினருக்கே ஏற்பட்டது. அத்திட்டத்தில் இருந்தவை என்ன? நல்ல உறக்கம், எழுந்து நடமாடுதல், மூக்குக் கண்ணாடி, காதுக்கருவி, போதிய தண்ணீர், நாளும் இடமும் நினைவூட்டல். இவற்றோடு பழைய நினைவுகளைப் பேசுதலும் சொல்விளையாட்டும். சொல்விளையாட்டு அத்தொகுப்பில் ஒரு கூறு மட்டுமே. ஆனால் மருந்துக் கடையில் வாங்க வேண்டாத கூறு.

முதல் எழுத்தின் துணை

பக்கவாதத்தால், பெரும்பாலும் மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டு, சொல் வராமற்போனவர்களைத் தனியே குறிப்பிட வேண்டும். அஃபேசியா எனப்படும் இப்பேச்சிழப்பில் பலர்க்குப் பொருள் தெரியும். அதன் பயன் தெரியும். பெயர் மட்டும் வாயில் வராது. முறத்தின் படத்தைக் காட்டினால் இரு கைகளாலும் புடைத்துக் காட்டுவார். பேச்சுப் பயிற்சியாளர் அப்போது "மு…" என்று முதல் ஒலியை மட்டும் எடுத்துக்கொடுப்பார். சொல் வெளிவந்துவிடுவது உண்டு. குறுக்கெழுத்தில் குறுக்கே வரும் எழுத்து செய்வதும் ஏறத்தாழ இதுவே. தமிழ்க் கட்டத்தில் உயிரும் மெய்யும் சேர்ந்தே கிடைப்பதால் அத்துணை இன்னும் நிறைவானது என்பது எங்கள் எண்ணம்.

ஆயினும் பேச்சிழந்தவரிடம் வெற்றுக் கட்டத்தை நீட்டுவது கொடுமை. படிப்பதும் எழுதுவதும் அவருக்கு எந்த அளவில் எஞ்சியுள்ளன என்பதைப் பயிற்சியாளரிடம் கேட்டறிந்தபின் தொடங்குங்கள். பெயரைச் சொல்ல முடியாவிட்டால் சைகையும் விடையே. இரண்டு படங்களுள் ஒன்றைத் தொட்டுக் காட்டுவதும் விடையே.

மூத்தோர் எல்லார்க்கும் ஓர் ஆறுதல்: தெரிந்த பெயர் நாக்கு நுனியில் நின்று வர மறுப்பது வயதுடன் மிகுவது இயல்பு; அது மட்டுமே நோயன்று. அந்த நாக்கு நுனி நிலையை 1966இலேயே ரோஜர் பிரவுன், டேவிட் மெக்நீல் என்னும் இருவர் ஆராய்ந்தனர். சொல் வராதபோதும் அதன் முதல் எழுத்தைப் பலரால் சரியாகச் சொல்ல முடிந்ததைக் கண்டனர்.

இதற்கு மாறாக, நேற்றுவரை நன்றாகப் பேசியவர்க்குத் திடீரெனச் சொல் குழறினாலோ, வாய் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ அது புதிருக்குரிய நேரமன்று. உடனே 108ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். "கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருந்து அந்நேரத்தை இழந்து வருவோர் இன்றும் உளர்.

கட்டிலருகே புதிர் போட

செய்தித்தாளின் புதிரை அப்படியே கொடுக்க வேண்டியதில்லை. அதன் கட்டம் சிறிது; மை மங்கல்; நான்கு திசை ஓட்டம் நோயுற்றவரைக் களைப்பிக்கும். வெள்ளைத்தாளில் விரற்கடை அகலத்தில் ஐந்தாறு சொற்களுக்கு மட்டும் கட்டம் வரைந்து, இடமிருந்து வலமும் மேலிருந்து கீழுமாக அமைத்தால் போதும். முதலில் கண்ணாடியையும் காதுக்கருவியையும் அணிவியுங்கள். விடை தெரிந்தும் கண் தெரியாததால் தோற்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம்.

சொற்களை அவர் வாழ்விலிருந்து எடுங்கள். தறி நெய்தவருக்கு நாடாவும் பாவும். உழுதவருக்கு மேழியும் நுகமும். கடலுக்குப் போனவருக்குத் துடுப்பும் பாயும். அடுக்களைச் சொற்கள் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்க வேண்டாம். ஆட்டுக்கல்லில் மாவாட்டிய அண்ணன்மாரும் இருந்தனர். எழுதப்படிக்கத் தெரியாதவர்க்குக் குறிப்பை வாய்மொழியாகச் சொல்லலாம். அவர் விடை சொல்ல, பேரப்பிள்ளை எழுதட்டும். விடை வேறாக வந்தால் உடனே மறுக்காமல், அச்சொல் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும். முறத்தைச் சுளகு என்று சொல்லும் ஊரார் தவறிழைக்கவில்லை. நீங்கள்தாம் கட்டத்தைத் திருத்த வேண்டும்.

கால் மணி நேரம் போதும். முகம் வாடினால், எரிச்சல் தோன்றினால், தாளை மடித்துவிடுங்கள். மறுநாள் அதே புதிரை அவர் மறந்திருந்தால் அதையே மீண்டும் போடலாம்.

இவ்விதழுக்கான சில குறிப்புகள். வீட்டு மூத்தவரிடம் படித்துக்காட்டுங்கள். அவர் சொல்லும்வரை விடைகளைப் பாராதிருப்பது நலம்.

மணமேடையில் மிதிபடும், அடுக்களையில் அரைக்கும் (3). வீட்டில் பழையன ஏறும், வயலில் கிளி ஓட்டுவோர் ஏறுவர் (3). தூக்கினால் பழிச்சொல், சாய்த்தால் தண்ணீர் (2). சாட்டை சுற்றினாலும் அழாமல் ஆடும் (5). புயலின் ஆங்கிலப் பெயர் பூண்டது, காற்றுக்கு அணையாதது (5). வீட்டினுள்ளும் இல்லை, தெருவிலும் இல்லை. வழிப்போக்கர் உறங்கிய இடம் (3). எளிமைக்கும் பழமைக்கும் கடைசியில் உள்ளது, கண்ணுக்கும் பேனாவுக்கும் வேண்டியது (1).

தாங்களே ஆக்கிய குறிப்புகளை வார்டு செவிலியரிடம் கொடுத்தால் அடுத்த இதழில் சேர்த்துக்கொள்வோம். சொன்னவரின் ஊரையும் எழுதுங்கள். சுளகு எந்த ஊரில் தொடங்கி முறம் எந்த ஊரில் முடிகிறது என்று அறிய எங்களுக்கு ஆவல்.

விடைகள் வரிசைப்படி: அம்மி, பரண், கூஜா, பம்பரம், அரிக்கேன், திண்ணை, மை.